குறைந்த செலவில் குறிதவறாத துவக்கு: ஹெவ்லொக் டவுன்வாசிகளுக்கு ஒரு கைநூல்

ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் வைத்த சோற்றுக் கோப்பையை ஒரே வெடியில் உடைக்கிற துவக்கு ஒன்று உங்களுக்கு வேண்டும். கையில் இருப்பதோ சம்பளத்தில் மிஞ்சிய காசு. முகவரி கொழும்பு 5, ஹெவ்லொக் டவுன், அடுக்குமாடியில் நாலாம் மாடி. இந்த மூன்றையும் சேர்த்துக் கேட்டுவிட்டு யாராவது சிரித்தால் மனந்தளர வேண்டாம். இந்தக் கைநூல் உங்களுக்கென்றே எழுதப்பட்டது.

சோற்றுக் கோப்பை என்று சும்மா சொல்லவில்லை. ஒரு பாகையை அறுபது கூறாக்கினால் அதில் ஒரு கூறு 100 மீற்றர் தூரத்தில் 2.9 சென்ரிமீற்றர் அகலம் வரும். 1,000 மீற்றரில் 29 சென்ரிமீற்றர். அந்தக் கூறுக்குள் எல்லா வெடியும் விழுந்தால் அது நல்ல துவக்கு என்று உலகம் முழுக்க இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். ஆனால் அவ்வளவு தூரம் போவதற்கு ரவை ஒரு விநாடிக்கு மேல் எடுக்கும். அதற்குள் புவியீர்ப்பு அதை மூன்று மாடிக்குக் குறையாமல் கீழே இழுத்துவிடும். அதாவது நாலாம் மாடியிலிருந்து நேரே எதிரே குறி வைத்தால் வெடி முதலாம் மாடிக்காரர் வீட்டுக்குள் போகும். முதலாம் மாடியில்தான் அநேகமாகக் குடியிருப்போர் சங்கத் தலைவர் இருப்பார். இதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுக் கைநூல்களில் முதல் உருப்படி குழல். நல்ல குழல், இறுக்கமான பொறி, அசையாத மரக்கட்டை, மெதுவான விசை என்று வரிசையாக அடுக்கி, செலவில் பாதியைத் தொலைநோக்கிக்கு ஒதுக்கு என்பார்கள். நம்முடைய முதல் உருப்படி காகிதம். 1915 கலவரத்துக்கு அடுத்த வருடம் ஆங்கிலேயர் கொண்டுவந்த 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்றும் உயிரோடிருக்கிறது. வெள்ளைக்காரன் போட்ட றெயில் பாதை தேய்ந்துபோனது, சட்டம் தேயவில்லை. துவக்கு வைத்திருக்க ஓர் உரிமம், விற்க இன்னோர் உரிமம், செய்யவும் திருத்தவும் வேறோர் உரிமம். 1996இல் வந்த 22ஆம் இலக்கத் திருத்தம் தண்டனைகளை இன்னும் கூட்டியது. ரவை மருந்துப் பக்கம் போனால் 1956ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் காத்திருக்கிறது. மிச்சம் மீதிக்கு 1966ஆம் ஆண்டின் தாக்குதல் ஆயுதங்கள் சட்டம். இவற்றையெல்லாம் தாண்டி உரிமம் கிடைத்தவர்கள்கூட நிம்மதியாக இல்லை. 2024 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சு, தற்காப்புக்கென்று கொடுத்த துவக்குகளை எல்லாம் கொண்டுவந்து ஒப்படையுங்கள், தேவை இருக்கிறதா என்று பார்த்துத்தான் திருப்பித் தருவோம் என்று அறிவித்தது.

ஆகவே குசினி மேசையில் அரம் வைத்துத் துவக்குச் செய்கிற படியை இந்தக் கைநூலில் தேடாதீர்கள். அந்தப் படியில் கால் வைப்பவர் நேரே வெலிக்கடையில்தான் இறங்குவார்.

பயிர்ப் பாதுகாப்பு என்று ஒரு வழி உண்டே என்று கேட்பீர்கள். உண்டுதான். பன்றியும் குரங்கும் தின்று தீர்க்கிற காணிக்காரருக்கு அரசாங்கம் சொட் கன் உரிமம் கொடுக்கும். 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணியிலிருந்து 8.05 வரை, ஐந்தே நிமிடத்துக்கு, நாடு முழுவதும் தங்கள் காணிக்குள் நின்ற குரங்கையும் மயிலையும் எண்ணிச் சொல்லும்படி கேட்ட அரசாங்கம் இது. அந்த விவசாயிகளின் கஷ்டம் பகிடியில்லை. ஆனால் உங்கள் விண்ணப்பப் படிவத்தில் “பயிர்: பல்கணிச் சாடியில் ஒரு கறிவேப்பிலை, சேதம் செய்யும் விலங்கு: காகம்” என்று எழுதினால் கச்சேரியில் ஒரு நாள் தேத்தண்ணிக்குக் கதை கிடைக்கும். அவ்வளவுதான்.

வன்னிப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் இடியனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வாய்வழியாக மருந்தைப் போட்டு இடித்துக் கெட்டிப்பதால் அந்தப் பெயர். கட்டுத்துவக்கும் உண்டு. பன்றி போகிற பாதையில் கயிறு கட்டி விட்டு, வெடிக்காரர் வீட்டில் நித்திரை கொள்வார். செலவு என்று பார்த்தால் இதைவிட மலிவு கிடையாது. குறி என்று பார்த்தால், கட்டுத்துவக்குக்குக் கண்ணே இல்லை. பன்றிக்கு வைத்தது விறகு பொறுக்கப் போனவரின் முழங்காலைத் தேடிப் போகும், யானைக் குட்டியின் காலைத் தேடிப் போகும். சட்டவிரோதம் என்பது ஒருபுறம் இருக்க, ஒரு கூறுக்குள் வெடி விழவேண்டும் என்று ஆசைப்படுகிற மனிதருக்கு இது அவமானம்.

பழைய சரக்கு வாங்கலாமா? இந்தத் தீவுக்கு அதில் பெருமைப்பட ஏதோ இருக்கிறது. போர்த்துக்கேயர் 1505இல் வந்திறங்கிய பின், இங்குள்ள கொல்லர்கள் துவக்கு வேலையைப் பிடித்துக்கொண்ட வேகத்தைப் பார்த்து அவர்களே வியந்து எழுதி வைத்திருக்கிறார்கள். கண்டி இராச்சியத்துத் துவக்குகளில் பொறி இடப்பக்கம் இருக்கும். ஐரோப்பியத் துவக்கைப் பார்த்துப் பழகியவருக்குக் கண்ணாடியில் தெரிவதுபோல் எல்லாம் மாறித் தெரியும். கட்டையில் தந்தமும் வெள்ளியும் பதித்த வேலைப்பாடு. பார்க்க வேண்டுமென்றால் ஹெவ்லொக் வீதியில் ஓட்டோ பிடித்து, தும்முல்லைச் சந்தி தாண்டி, கொழும்புத் தேசிய நூதனசாலையில் இறங்குங்கள். லெவ்கே திசாவை கண்டி அரசனுக்குக் கொடுத்ததாகச் சொல்லப்படும் பீரங்கி அங்கே இருக்கிறது. வெண்கலம், வெள்ளி, தங்கம், மாணிக்கக் கல். 1765இல் ஒல்லாந்தர் கண்டியைக் கொள்ளையடித்தபோது கொண்டுபோய், அம்ஸ்டர்டாமில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்து, 2023 டிசம்பரில் திருப்பித் தந்தார்கள். கூடவே இரண்டு பெரிய துவக்குகளும் வந்தன. குறைந்த செலவு என்ற கண்ணோட்டத்தில் எனக்குப் பிடித்த வழி இதுதான். சும்மா இருக்க வேண்டும், 258 வருடம் பொறுக்க வேண்டும், கப்பல் கூலிகூட நம் கையிலிருந்து போகாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைநாட்டில் வேட்டையாடிய வெள்ளைக்காரர்களைப் பின்பற்றலாம் என்று சில பேர் நினைப்பார்கள். நுவரெலியாவில் பண்ணை வைத்திருந்த சாமுவேல் பேக்கர் 21 இறாத்தல் எடையுள்ள ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு திரிந்தவர். மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் 1,400 யானைக்கு மேல் கொன்றார் என்பது கணக்கு; 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். இடிக்குத் தொலைநோக்கியும் வேண்டியிருக்கவில்லை, உரிமமும் வேண்டியிருக்கவில்லை. யானையைப் பத்து அடியில் நின்று சுட்டவர்களிடம் தூரக் குறியைப் பற்றி நாம் கற்க ஒன்றுமில்லை.

சரி, எப்படியோ ஒரு துவக்கு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எங்கே நின்று சுடுவீர்கள்? ஹெவ்லொக் டவுனில் ஒரு கிலோமீற்றர் வெறும் வெளி எங்கே இருக்கிறது? ஒரு காலத்தில் வெள்ளவத்தை நெசவாலை நின்ற காணியில் இப்போது ஹெவ்லொக் சிற்றிக் கோபுரங்கள் நிற்கின்றன. பீ.ஆர்.சி. மைதானத்திலும் ஹெவ்லொக் பார்க்கிலும் றக்பியும் கிரிக்கெட்டும் நடக்கின்றன. பின்னேரத்தில் பிறஷர் குறைக்க நடக்கிற பெரியவர்கள் வரிசையாகச் சுற்றி வருவார்கள். பொலிஸ் மைதானம் இருக்கிறது. பெயரைப் பார்த்தாலே அது ஏன் வேண்டாம் என்று விளங்கும். என் பல்கணியில் நின்றால் கண்ணுக்கு எட்டுகிற தூரம், எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தாங்கிவரைதான். தூரம் என்ற சாமானையே இந்த ஊரில் காணி விற்பனையாளர்கள் சதுர அடியாக வெட்டி விற்றுவிட்டார்கள்.

இந்த இடத்தில் பகிடியைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கிறேன். 2005 ஆகஸ்ட் 12ஆம் திகதி இரவு, இங்கிருந்து அதிக தூரமில்லாத புல்லர்ஸ் லேனில், வெளிநாட்டமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமரைத் தன் வீட்டு நீச்சல் தடாகத்திலிருந்து ஏறி வரும்போது அயல்வீட்டு மேல்மாடியிலிருந்து சுட்டுக் கொன்றார்கள். அதற்குப் பிறகு இந்தப் பக்கத்துச் சென்றிகளில் தமிழ்ப் பெயர் எழுதிய அடையாள அட்டையோடு நின்றவர்களுக்கு, கமரா வைக்கிற முக்காலி எப்படிப் பார்க்கப்படும் என்று தெரியும். 2007 ஜூன் 7ஆம் திகதி விடிய முன்னம் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை விடுதிகளிலிருந்து தமிழரைப் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பியபோது, அவர்களில் பலரிடம் இருந்தது ஒரு பயணப் பையும் வெளிநாடு போகிற காகிதங்களும்தான். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. தூரத்திலிருந்து குறி வைக்கிறது என்ற பேச்சை இந்த ஊரில் ஒரு தமிழன் பொழுதுபோக்காக எடுப்பதற்கு இவ்வளவு காலம் எடுத்தது என்பதையும் செலவுக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

இனி காற்று. நெடுந்தூரச் சூட்டில் ஆளைக் கெடுப்பது காற்றுத்தான். பெரிய சூட்டு மைதானங்களில் வழிநெடுகக் கொடி நட்டு அதைப் பார்த்துக்கொண்டே சுடுவார்கள். இந்த ஒரு விடயத்தில் மட்டும் ஹெவ்லொக் டவுன் உலகத்தரம். எதிர் பிளாட்டைப் பாருங்கள். இரண்டாம் மாடியில் நீலக் கட்டம் போட்ட சாரம் கடற்காற்றில் கிழக்குப் பக்கம் உப்பி நிற்கும். ஐந்தாம் மாடியில் சீலை இரண்டு கட்டடங்களுக்கு நடுவே புகுந்த காற்றில் மேலே எழும்பி, கம்பியைச் சுற்றிக்கொள்ளும். ஒன்பதாம் மாடியில் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகள் கிளிப்பில் செத்ததுபோல் தொங்கும். ஒரே சுவரில் மூன்று காற்று. இதையெல்லாம் கணக்குப் போட்டு வெடி வைக்கக்கூடியவர் உண்டென்றால் அவருக்கு ரைஃபிள் தேவையில்லை, வானிலை அவதான நிலையத்தில் வேலை கொடுக்கலாம்.

ஆகவே தூரத்தைக் குறைப்போம். ஒரு கிலோமீற்றரை அப்படியே பத்து மீற்றராக்குங்கள். தோற்றுவிட்டோம் என்று முகம் சுளிக்காதீர்கள். ஒலிம்பிக்கில் பத்து மீற்றர் காற்றுத் துவக்குப் போட்டிக்கான இலக்கு அட்டையில் பத்துப் புள்ளிக்குரிய பொட்டின் குறுக்களவு அரை மில்லிமீற்றர். அரை மில்லிமீற்றர்! பத்திரிகை அச்சில் ஒரு முற்றுப்புள்ளி கிட்டத்தட்ட அவ்வளவுதான். உடைக்க நினைத்த சோற்றுக் கோப்பையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: கோணமாகக் கணக்கிட்டால் அந்தப் பொட்டு கோப்பையில் ஆறில் ஒரு பங்குதான் வரும். மண்டபத்துக்குள் நடப்பதால் காற்று இல்லை. தொலைநோக்கிக்கு அனுமதியே இல்லை. வட்டத்துக்குள் வட்டத்தை வைத்துப் பார்க்க வேண்டியதுதான். செலவில் பாதி அங்கேயே மிச்சம்.

மற்றப் பாதி மிச்சமாகவில்லை. போட்டிக்கான காற்றுத் துவக்குகளை ஜேர்மனியில், உல்ம் நகரத்திலும் ஓபெர்ண்டோர்ஃபிலும், வால்தர், அன்ஷூட்ஸ், ஃபைன்வெர்க்பாவ் என்று மூன்று கம்பனிகள் பெரிதாகச் செய்கின்றன. நல்லது ஒன்று மூவாயிரம் யூரோவைத் தாண்டும். நம் காசில் பத்து லட்சம். அதற்கு மேல் கன்வஸும் தோலும் சேர்த்துத் தைத்த விறைத்த சட்டை, விறைத்த காற்சட்டை, தட்டையான சப்பாத்து. கொழும்பில் ஏப்ரல் மாதத்தில் அந்தச் சட்டையைப் போட்டால் இலக்கு தெரியாது, வியர்வைதான் தெரியும். தனி ஆளாக வாங்க நினைக்காமல் ஒரு சூட்டுச் சங்கத்தில் சேர்ந்து, காகிதங்களைப் பற்றியும் அவர்களிடமே கேட்டு, அவர்களுடைய துவக்கில் பழகுங்கள். நம் நாட்டிலிருந்து தெஹானி எகொடவெல டோக்கியோ ஒலிம்பிக்குக்கு இந்தப் பத்து மீற்றர் துவக்கோடுதான் போனார். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் இதே துவக்கில் உலகக் கிண்ணத் தங்கம் வென்றவர். டோக்கியோவிலும் பரிஸிலும் இந்தியாவுக்காக நின்றார். பேரைச் சொன்னாலே உச்சரிப்புக்கு ஒரு பயிற்சி.

செலவைப் பற்றி இன்னும் கவலை என்றால் துருக்கிக்காரர் யூசுஃப் டிகெச்சை நினைத்துக்கொள்ளுங்கள். 51 வயதில் பரிஸில், மற்றவர்கள் விசேட கண்ணாடி, மறைப்பு என்று இயந்திர மனிதர்போல் நிற்க, இவர் சாதாரணக் கண்ணாடியோடு, ஒரு கையைக் காற்சட்டைப் பொக்கற்றுக்குள் விட்டபடி கைத்துவக்கில் கலப்புக் குழுவுக்கு வெள்ளி எடுத்தார். அவர் அதற்கு முன் எத்தனையோ வருடம் பயிற்சி எடுத்ததைப் படத்தில் காட்டவில்லை. பொக்கற்றுக்குள் கை போனதை மட்டும் உலகம் பார்த்தது. என் தம்பிமார் சிலர் பொக்கற்றுக்குள் கையை விட்டுவிட்டால் பதக்கம் வந்துவிடும் என்று இப்போதும் நம்புகிறார்கள்.

இனி உண்மையான வேலைக்கு வருவோம். துவக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதைப் பிடிக்கிற ஆள் ஆடுவான். நெஞ்சு அடிக்கிறது, அந்தத் துடிப்பு குழல் முனையில் தெரிகிறது. நல்ல சூட்டாளர்கள் இரண்டு துடிப்புக்கு நடுவே விசையை அழுத்தப் பார்ப்பார்கள். இதயத்தை மெதுவாக்குகிற பீற்றா தடுப்பு மருந்துகளை இந்த விளையாட்டில் தடை செய்ததற்குக் காரணம் அதுதான். 2008இல் பீஜிங்கில் வட கொரியாவின் கிம் ஜொங் சு கைத்துவக்கில் எடுத்த வெள்ளியையும் வெண்கலத்தையும் பிரொப்ரனலோல் கண்டுபிடித்ததும் பறித்துவிட்டார்கள். ஆகவே ஹெவ்லொக் டவுனில் பிறஷருக்கு அந்த வகைக் குளிசை போடுகிற பெரியவர்கள் வைத்தியர் சொல்வதைக் கேட்டுத் தொடர்ந்து போடுங்கள், ஒலிம்பிக்கை மறந்துவிடுங்கள்.

மற்றவர்களுக்குப் பயிற்சிச் சாமான் இதோ. ஒரு தும்புத்தடி. காற்றுத் துவக்கு 5.5 கிலோவரை இருக்கலாம் என்பது விதி. தும்புத்தடி அரைக் கிலோ வரும். மிச்சம் ஐந்துக்குக் கீரிச்சம்பா ஐந்து கிலோப் பையைத் தடியின் நடுவே சணல் கயிற்றால் இறுகக் கட்டுங்கள். தளர்வாகக் கட்டினால் அரிசி ஒரு பக்கம் ஓடி தடி திரும்பும். இரண்டு சுற்றுச் சுற்றி நடுவில் குறுக்கே ஒரு முடிச்சு போட்டால் நிற்கும். தடியின் தும்பு முனை தோளில், வெறும் முனை இலக்குப் பக்கம்.

தூரம் எடுக்க வீட்டுக் கதவுகளை எல்லாம் திறந்து வையுங்கள். பல்கணியிலிருந்து ஹோல், சாப்பாட்டு மேசை, குசினி என்று நேர்க்கோடு ஒன்று போனால் பிரிட்ஜ் கதவுவரை பத்து மீற்றர் வரக்கூடும். வராவிட்டால் பல்கணிக் கம்பியில் முதுகை ஒட்டிக்கொண்டு நில்லுங்கள், சாய வேண்டாம். இலக்கின் நடு நிலத்திலிருந்து 1.40 மீற்றர் உயரத்தில் இருக்க வேண்டும். பிரிட்ஜ் கதவில் அந்த உயரத்தில் ஏற்கனவே கோயில் கலண்டர் தொங்கும். அம்மன் முகத்தில் குறி வைக்காமல் கீழே உள்ள திகதியில் வையுங்கள். ஏகாதசி விரதம் என்று பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதில் ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்தால் அளவு சரியாக வரும்.

நிற்கிற விதம் முக்கியம். இடத்தோளை இலக்குப் பக்கம் திருப்புங்கள். கால்கள் தோளகலம். இடுப்பை இலக்குப் பக்கம் கொஞ்சம் தள்ளி, இட முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றுங்கள். மேலுடம்பு பின்பக்கம் சற்று வளையும். பார்க்கிறவர்களுக்கு நாரிப்பிடிப்பு வந்தவர்போல் தெரியும்; அப்படித்தான் தெரிய வேண்டும். அரிசியின் பாரத்தைத் தசை தாங்கக் கூடாது, எலும்பு தாங்க வேண்டும். தசை களைக்கும், நடுங்கும். எலும்பு களைக்காது. மூச்சை இழுத்து, பாதி விட்டு, நிறுத்துங்கள். தடி முனை ஏகாதசிப் புள்ளியைச் சுற்றிச் சுற்றி வரும். அதை அடக்கிப் பிடிக்காதீர்கள், பிடித்தால் இன்னும் ஆடும். எட்டு விநாடிக்குள் நிற்காவிட்டால் தடியை இறக்கி, மீண்டும் முதலிலிருந்து. அவசரப்பட்டு வெடி வைக்கிறவரைவிடத் துவக்கை இறக்கி வைக்கத் தெரிந்தவரே இந்த விளையாட்டில் முன்னுக்கு வருகிறார். வெடிச் சத்தத்துக்குப் பதிலாக நாக்கால் ஒரு “டக்”. அதுவும் மெதுவாக, மற்ற அறையில் யாராவது நித்திரையாக இருப்பார்கள்.

போட்டியில் 60 வெடி, 75 நிமிடம். அதையே இங்கும் வைத்துக்கொள்ளலாம். இந்த 75 நிமிடத்துக்குள் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

“எடேய், தும்புத்தடியையும் அரிசியையும் வைச்சுக்கொண்டு என்ன செய்யிறாய்?”

“பயிற்சி, அம்மா.”

“அரிசியை அவிழ்த்து வாளிக்குள்ள கொட்டு. பிறகு விறாந்தையைக் கூட்டு.”

வாக்குவாதம் வேண்டாம். போட்டி நடுவில் துவக்குப் பழுதானால், சூட்டாளரின் பிழையில்லை என்று நடுவர் கண்டால், இழந்த நேரத்தைக் கூட்டித் தருவார்கள் என்று விதி இருக்கிறது. விறாந்தையைக் கூட்டி முடித்ததும் அந்த விதியை அம்மாவிடம் எடுத்துச் சொல்லிப் பாருங்கள்.